பேர்னாட் போட்ட வரிசை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பேர்னாட்டுக்குச் சொந்த அணி என்று ஒன்று கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அவர் அமெரிக்கா போனதில்லை. அங்கே படித்த பிள்ளையும் இல்லை. ஞாயிறு காலையில் இடுப்பில் சாரத்தோடு கதிரையில் உட்கார்ந்து, எங்கேயோ இரண்டு பல்கலைக்கழகங்கள் முட்டி மோதுவதைப் பார்ப்பார். யார் வென்றாலும் அவருக்குச் சம்மதம். வென்றது யார், தோற்றது யார் என்று கொப்பியில் குறித்துக்கொள்வார்.

நான் நரசிம்மன், அடுத்த வீட்டுக்காரன். சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லுக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. பேர்னாட் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், வயது ஐம்பத்தேழு. சிட்னியில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறார். மனைவி ரஞ்சினி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்க்கிறார். ஒரு பெருங்காற்றில் எங்கள் இரு வீட்டுக்கும் இடையிலிருந்த பலகை வேலி சாய்ந்தது. அதைச் சேர்ந்து நிமிர்த்தியபோது தொடங்கிய பழக்கம். என் மனைவி வேதவல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகனைப் பார்க்கப் போவாள். எனக்கும் முருகனுக்கும் ஒரு தகராறும் இல்லை, ஆனால் அங்கே கார் நிறுத்த அரை மணி நேரம் சுற்ற வேண்டும். அதனால் நான் வேலியைத் தாண்டி பேர்னாட் வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஆறு வருடத்துக்கு முன் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோதுதான் அவருக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அங்கே சனிக்கிழமை நடப்பது இங்கே ஞாயிறு காலை வரும். முதலில் விதிமுறை எதுவும் புரியவில்லையாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களை ஏன் ஃபுட்பால் ஆடுகிறார்கள் என்று சொல்கிறார்கள் என்பதே புரியவில்லையாம். அவரைப் பிடித்து இழுத்தது விளையாட்டு இல்லை, வேறொன்று.

"நூற்றிமுப்பது அணிக்கு மேலை இருக்கு, நரசிம்மன்," என்றார் ஒரு நாள். "ஒரு அணி வருசத்திலை விளையாடுறது பன்ரெண்டே பன்ரெண்டு மட்ச். முக்கால்வாசி அணிகள் ஒண்டோட ஒண்டு முகம் பாக்கிறதே இல்லை. பிறகெப்பிடி ஆர் முதலாவது, ஆர் ரெண்டாவது எண்டு சொல்லுறது?"

"எப்படிச் சொல்றாங்க?"

"சண்டை பிடிச்சுத்தான்!"

உண்மைதான். பத்திரிகைக்காரர்கள் வாக்குப் போட்டு ஒரு வரிசை வெளியிடுகிறார்கள். பயிற்சியாளர்கள் வேறொரு வரிசை. கம்ப்யூட்டர்காரர்கள் ஆளுக்கொரு வரிசை. கடைசியில் ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து பேசி, தன் வரிசைதான் வரிசை என்கிறது. அதில் மேலே வருகிற பன்னிரண்டு அணிகளுக்கு இறுதிச் சுற்று. அந்தப் பன்னிரண்டில் முதல் நான்கு அணிகளுக்கு முதல் ஆட்டமே கிடையாது, நேராக அடுத்த சுற்று. நாலாவதாக வந்தவன் சிரிப்பான், ஐந்தாவதாக வந்தவன் தலையில் அடித்துக்கொள்வான்.

பேர்னாட்டுக்கும் ஒரு முறை உண்டு. காலையுணவுச் சீரியல் பெட்டி அட்டையைக் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் அணியின் பெயரை எழுதி, சாப்பாட்டு மேசையில் மேலிருந்து கீழாக அடுக்குவார். விதி ஒன்றே ஒன்று: வென்றவன் தோற்றவனுக்கு மேலே இருக்க வேண்டும். எல்லா ஆட்டத்துக்கும் அப்படி அடுக்க முடியாது. அவன் இவனை வெல்வான், இவன் இன்னொருவனை வெல்வான், அந்த இன்னொருவன் திரும்பி முதலாமவனையே வென்றிருப்பான். எப்படி அடுக்கினாலும் சில ஆட்டங்கள் வரிசைக்கு எதிராக நிற்கும். அப்படி நிற்பதை அவர் 'குறுக்கு' என்பார். குறுக்கு மிகக் குறைவாக வருகிற வரிசைதான் நியாயமான வரிசை என்பது அவர் கட்சி. அதற்காகத் திங்கட்கிழமை பூராவும் கீற்றுகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பார். நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதி நாலு விநாடியில் முடித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லம்," என்று சொல்லி மறுபடி அட்டையை நகர்த்தத் தொடங்கினார். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான்.

ஞாயிறு ஆட்டங்களுக்காகத் தேவாலயப் பூசையைச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டார். ரஞ்சினி முணுமுணுத்தார், ஆனால் சேர்ந்தே போனார். ஞாயிறு மதியச் சாப்பாட்டை மட்டும் பேர்னாட் எதற்காகவும் மாற்றியதில்லை. அவருடைய தங்கை யோசப்பின் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறார். தங்கை இந்த ஊருக்கு வந்த நாள் முதல் ஞாயிறு மதியம் பேர்னாட்டுக்கும் ரஞ்சினிக்கும் சோறு அங்கேதான். ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும் பன்னிரண்டரைக்கு டிவியை அணைத்துவிட்டு, சாரத்தைக் களைந்து, நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். போகும்போது என்னையும் கூப்பிடுவார். நான் சைவம் என்பது ஒன்பது வருடமாகியும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

போன அக்டோபரோடு அந்தப் போக்குவரத்து நின்றது.

சிட்னியில் இருக்கும் மன்னார்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் நீள வார இறுதியில், உதைபந்தாட்டப் போட்டி நடத்துகிறார்கள். பன்னிரண்டு அணிகள். இரண்டு அணிகள் மெல்பேர்னிலிருந்து வேனில் வரும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். யோசப்பினின் கணவர் எறிக், விடிவெள்ளி அணியின் பயிற்சியாளர். தன் கைக்காசில் காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துப் பையன்களைச் சேர்த்த மனிதர். போன வருடம் அரையிறுதியில் விடிவெள்ளியும் யாகப்பர் அணியும் ஆடின. கோட்டோரம் கொடி பிடித்து நின்றவர் பேர்னாட். ஒன்றுக்கு ஒன்று சமநிலை, முடிய மூன்று நிமிடம். விடிவெள்ளிப் பையன் ஒருவன் பந்தை வலைக்குள் போட்டான். பேர்னாட் கொடியைத் தூக்கினார். ஆஃப்சைட், பந்து உதைபடும் முன்பே பையன் பின்கள வீரனைத் தாண்டி நின்றான். கோல் இல்லை.

எறிக் மைதானத்துக்குள் நடந்து போய், கையைத் தட்டி, தன் அணியை வெளியே கூப்பிட்டு, பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாகப்பர் அணிக்கு எதிராளி இல்லாமலே வெற்றி, வாக்கோவர்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. கோயிலில் கண்டால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். இதைப் பற்றி பேர்னாட் என்னிடம் நாற்பது தடவையாவது பேசியிருப்பார். ஒவ்வொரு தடவையும் உப்புப் போத்தல் பின்கள வீரனாக நிற்கும், மிளகாய்த்தூள் போத்தல் கோல் போட்டவனாக நிற்கும். மிளகாய்த்தூள் ஒரு முழ தூரம் முன்னே நிற்கும். ஒருமுறைகூட அந்தத் தூரம் குறைந்ததில்லை.

"ஒரு முழம், நரசிம்மன். கண் தெரியாதவனுக்கும் தெரியும். பிழை செய்யாதவன் ஏன் முதலிலை போகவேணும்? தங்கச்சியவை கூப்பிடட்டும்."

"நீங்கதானே பெரியவர்?"

"அதுதான் சொல்லுறன். நான் மூத்தவன். இளையவைதான் வரவேணும்."

ஞாயிறு மதியங்களில் ரஞ்சினி வீட்டிலேயே சமைக்கத் தொடங்கினார். பேர்னாட் இரண்டாவது ஆட்டத்தையும் முழுக்கப் பார்க்கத் தொடங்கினார். ஒரு நாள் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டே ரஞ்சினி மெல்ல என்னிடம் சொன்னார்: "பன்ரெண்டரைக்கு இப்பவும் எழும்புறார். எழும்பி நிண்டு போட்டுத் திரும்பவும் இருக்கிறார்." எனக்கு மனது கேட்கவில்லை. அந்த மனிதருக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்தவள் என்று இருப்பது அந்த ஒரு தங்கைதான்.

இந்த வருடம் ஆகஸ்டில் போட்டிக் குழுவின் தலைவர் பேர்னாட் வீட்டுக்கு வந்தார். இதுவரை ஐஸ்கிரீம் டப்பாவில் சீட்டுப் போட்டுத்தான் யார் யாரோடு ஆடுவது என்று முடிவு செய்தார்கள். இரண்டு வருடமாகப் பலமான அணிகள் எல்லாம் ஒரே பக்கம் விழுந்து, டப்பாவிலேயே ஏதோ தில்லுமுல்லு என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "நீங்கள் அமெரிக்காவுக்கே வரிசை போடுறியள். எங்கடை பன்ரெண்டுக்கும் போட்டுத் தாங்கோ," என்றார் தலைவர். பேர்னாட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கே இருப்பதைப் போலவே முதல் நான்கு அணிகளுக்கும் முதல் சுற்று கிடையாது என்றும் முடிவாகியது. ஒரே நாளில் வெயிலில் நடக்கும் போட்டியில் ஓர் ஆட்டம் குறைந்தால் அது கால்களுக்குப் பெரிய வரம். கணக்கைச் சரிபார்க்க, மன்னாருக்கும் சம்பந்தமில்லாத, கத்தோலிக்கனும் இல்லாத நடுநிலை ஆளாக என்னைப் பிடித்துப் போட்டார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

இரண்டு வருட ஆட்டங்கள், பன்னிரண்டு அட்டைக் கீற்றுகள். முதல் மூன்று இடத்திலும் கடைசி ஏழு இடத்திலும் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் நாலிலும் ஐந்திலும். விடிவெள்ளியும் யாகப்பரும்.

அந்த வாக்கோவரை ஆட்டமாகக் கணக்கில் எடுத்தால், யாகப்பர் விடிவெள்ளியை வென்றது. முந்தைய வருடத்து முடிவு அதற்கு நேரெதிர் என்றாலும், சமமாக வந்தால் பிந்திய ஆட்டத்துக்கே மதிப்பு; அப்போது யாகப்பர் நாலு, விடிவெள்ளி ஐந்து. எடுக்காமல் விட்டால், அதற்கு முந்தைய வருடம் விடிவெள்ளி யாகப்பரை வென்ற ஆட்டம் மட்டும் மிஞ்சும். அப்போது விடிவெள்ளி நாலு, யாகப்பர் ஐந்து.

பேர்னாட் இரண்டு கீற்றுகளையும் மேலும் கீழும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். டிவி தன் பாட்டில் ஓடியது. யாரோ கோல்கோட்டைத் தொட்டு ஆயிரக்கணக்கான பேர் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அமெரிக்காவிலை என்ன செய்வினம்?" என்றேன். அவரோடு பழகி எனக்கே அவர் பேச்சு வந்துவிட்டது.

"ரெண்டும் செய்வினம். விட்டுக்குடுத்தால் புத்தகத்திலை தோல்வி. ஆனா கம்ப்யூட்டரிலை போடுற ஆக்கள் சிலபேர் அதை எடுக்க மாட்டினம். பந்து உருளேல்லை, பிறகென்னத்தை அளக்கிறது எண்டு."

"அப்புறம் என்ன? விட்டுடுங்க. ரெண்டு வழியிலயும் நியாயம் இருக்கு. உங்களுக்கு வேண்டிய வழியை எடுத்துக்கோங்க."

"அதுதான் பயமாக் கிடக்கு," என்றார். "ரெண்டும் நியாயம் எண்டா நான் ஏன் இதை எடுக்கிறன் எண்டு எனக்குத் தெரியுமெல்லோ."

விடிவெள்ளியை ஐந்தாவதாகப் போட்டால், எறிக்குக்கு எதிராக இரண்டாம் தடவை கொடி தூக்கியது போல ஆகும். அதற்குப் பிறகு யோசப்பின் பேர்னாட் வீட்டு வாசலை மிதிப்பார் என்று யாரும் நம்ப முடியாது. நாலாவதாகப் போட்டால் ஒருவேளை மனம் இளகலாம். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்த பேர்னாட் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் விடிவெள்ளிக் கீற்றை நாலாவது இடத்தில் வைத்து, பசைநாடா போட்டு ஒட்டினார்.

கூட்டம் சனிக்கிழமை பின்னேரப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில். அணிக்கு ஒருவர் வர வேண்டும். மெல்பேர்ன்காரர்கள் இருவரும் தலைவரின் கைபேசியில் ஸ்பீக்கரில் இருந்தார்கள். எறிக் வரவில்லை. விடிவெள்ளிக்காக யோசப்பின் வந்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லியான பெண், அண்ணனுடைய அதே அகன்ற நெற்றி. பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து, அண்ணனைத் தவிர மண்டபத்தில் இருந்த எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேர்னாட் வரிசையைச் சுவரில் ஒட்டி, முறையை விளக்கினார். குறுக்கு என்றால் என்ன என்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு யாகப்பர் அணியிலிருந்து வந்த இந்திரகுமார் எழுந்தார்.

"அண்ணை, வரிசை நல்லம். போன வருசம் நாங்கள் விடிவெள்ளியை வெண்டனாங்கள். அது எங்கை?"

"அது வாக்கோவர் தம்பி. பந்து விளையாடி வந்த முடிவில்லை. நான் எடுக்கேல்லை."

"விட்டுட்டுப் போனது நாங்களோ? விட்டுட்டுப் போனவைக்கு நாலாமிடம், நிண்டவைக்கு ஐஞ்சாமிடமோ?"

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. கைபேசிக்குள்ளிருந்து மெல்பேர்னும் ஏதோ கரகரத்தது. இந்திரகுமார் கேட்டதில் தப்பு இல்லை, அதுதான் எரிச்சல். பேர்னாட் என்னைப் பார்த்தார். நான் என் பேப்பரைப் பார்த்தேன். அப்போது அவர் சொன்னார்:

"மற்றது… அண்டைக்கு நான் தூக்கின கொடியும் பிழையா இருக்கலாம். எனக்குச் சரியா விளங்கேல்லை. வெயில் கண்ணிலை அடிச்சது. அது கோலாயிருந்தால் விடிவெள்ளிதான் வெண்டது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது தடவை உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் நகர்த்திய மனிதர். பஸ் ஓட்டும்போது மஞ்சள் விளக்குக்குக்கூட நிறுத்துகிறவர். அத்தனை பேருக்கு முன்னால் பச்சைப் பொய் சொல்கிறார். காது இரண்டும் சிவந்துவிட்டன. தங்கை திரும்பி வருவதற்காக, தன்னிடம் இருந்த ஒரே நியாயத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

"பொய் சொல்லாதேங்கோ அண்ணா."

யோசப்பின் எழுந்து நின்றார். பதினொரு மாதத்தில் அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அது ஓஃப்சைட்தான். நான் அந்தக் கோட்டிலைதான் பொடியளுக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு நிண்டனான். என்ர கண்ணாலை கண்டனான். எறிக்கும் கண்டவர். போகேக்கை காருக்குள்ளையே சொன்னவர், உன்ரை அண்ணை சரியாத்தான் பிடிச்சவர், நான்தான் அவசரப்பட்டிட்டன் எண்டு."

பேர்னாட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஏன் பிள்ளை… இவ்வளவு நாளும்?"

"ஆர் உங்களைக் கொடி தூக்கினதுக்குக் கோவிச்சது? அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை. எறிக் விடிய எழும்பிப் போய் உங்களுக்கெண்டு நண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். வரட்டும், வந்தோடனை மன்னிப்புக் கேக்கிறன் எண்டவர். உங்கள் ரெண்டு பேருக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைச்சுப் போட்டு மூண்டு மணிவரை பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். நீங்கள் வரேல்லை. ரஞ்சினி அண்ணிக்கு ஃபோன் எடுத்தா, அண்ணா அமெரிக்கன் மட்ச் பாக்கிறார் எண்டு சொன்னவா."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சியைக் குடுத்த நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வரவேணுமோ, அவர் உங்களிட்டை வரவேணுமோ, சொல்லுங்கோ. பிறகு அவருக்கும் வீம்பு வந்திட்டுது. அவ்வளவுதான். எங்களை ஐஞ்சாவதாப் போடுங்கோ. காலமை எட்டு மணிக்கு முதல் சுற்று விளையாடினா எங்கடை பொடியளுக்கு ஒண்டும் செய்யாது."

இந்திரகுமார் மெல்ல உட்கார்ந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் பேர்னாட்டைப் பார்த்தார்கள், அவர் வரிசையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று. நூற்றி முப்பது அணிகளில் யார் யாருக்கு மேலே என்று வாரா வாரம் அட்டை நகர்த்திய மனிதர், இரண்டே இரண்டு வீட்டில் யார் முதலில் போவது என்பதில் பதினொரு மாதம் தப்பாக உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்கு அது அந்த நிமிடம்தான் உறைத்தது என்று முகத்தில் தெரிந்தது.

"அண்டைக்கு எறிக் பிறகு சாப்பிட்டவனோ?" என்றார்.

யோசப்பின் இல்லை என்று தலையசைத்தார். "நீங்கள் வராமல் தொடமாட்டன் எண்டிட்டார். அப்பிடியே மூடி வைச்சனான்."

பேர்னாட் அதற்கு மேல் நிற்கவில்லை. கார்ச் சாவியைத் தேடிச் சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாம் தடவினார். சாவி ரஞ்சினியின் கையில் இருந்தது. ரஞ்சினி ஏற்கெனவே வாசலில் நின்றார். ஆறரை மணிதான் ஆகியிருந்தது, எறிக் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று யோசப்பின் பின்னாலேயே சொல்லிக்கொண்டு ஓடினார். வரிசையை நான்தான் சுவரிலிருந்து எடுத்து, பசைநாடாவைப் பிய்த்து, விடிவெள்ளியை ஐந்தாவது இடத்தில் ஒட்டினேன். சரிதானா என்று கேட்பதற்கு அதைப் போட்ட ஆள் அங்கே இல்லை.